பழைய வண்டியும் காணாமற்போன கருவிகளும்

ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் சொத்து எது என்று வினவினால், கட்டடத்தையும் கிடங்கையும் வங்கியிருப்பையும் சுட்டிக் காட்டுவோர் பலர். சங்கத்துச் சரக்கு வண்டியைச் சேர்த்துச் சொல்வோர் சிலர். அவ்வண்டியின் இருக்கைக்குப் பின்னே இருக்கவேண்டிய ஜாக்கியையும், சக்கரம் கழற்றும் ஸ்பானரையும் சொத்தென்று சொல்வார் அநேகமாக எவரும் இலர். சொல்வார் இல்லாமையினாலேயே அவை காணாமற் போகின்றன; காணாமற் போனமை நடுவழியில் டயர் வெடிக்கும்போதுதான் தெரியவருகிறது. அற்ப விஷயம் போலத் தோன்றும் இதனை இம்மாதம் அங்கத்தினர்களின் முன் வைப்பதற்குக் காரணம், இதில் பொருள் நஷ்டத்தோடு உயிர்ப்பயமும் கலந்திருக்கிறது என்பதே.

நமது வட்டாரத்தின் நிலையை முதலில் எண்ணிப் பார்ப்போம். 1996-ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்தினின்று பிரிந்து தனி மாவட்டமான தேனி, மூன்று பக்கமும் மலை சூழ்ந்த நிலம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, சின்னமனூர்ப் பக்கத்து வாழை, பெரியகுளத்து மாம்பழம், ஆண்டிபட்டியை அடுத்த ஜக்கம்பட்டியிலும் டி. சுப்புலாபுரத்திலும் நெய்யப்படும் சேலைகள் ஆகிய இவையெல்லாம் ஊரை விட்டுப் புறப்படுவது பெரும்பாலும் சிறு பிக்கப் வண்டிகளில்தான். சமவெளியில் ஓடுவதோடு இவ்வண்டிகளின் வேலை முடிவதில்லை. லோயர் கேம்ப் வழியாகக் குமுளிக்கும், கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கும், போடியிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்கும் அவை ஏறி இறங்குகின்றன. ஏறும்போது காய்கறியும் அரிசியும். இறங்கும்போது ஏலமும் மிளகும். சுமையும் சரிவும் வெயிலும் சேர்ந்து டயரைத் தின்னும் பாதைகள் இவை என்பதை யாரும் நமக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

சிறு சங்கங்களும், இரண்டு மூன்று பேர் சேர்ந்து வண்டி வைத்திருக்கும் விவசாயிகளும் புது வண்டி வாங்குவது அரிது. பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடி, மூன்று நான்கு கை மாறிய வண்டியே நம் கைக்கு வருகிறது. வாங்கும்போது என்ஜினை முடுக்கிப் புகையைப் பார்க்கிறோம். அடிச்சட்டத்தில் துருவைத் தேடுகிறோம். இன்சூரன்ஸ், தகுதிச் சான்று ஆகியவற்றின் தேதிகளைப் படிக்கிறோம். கருவிப் பையைக் கேட்பவர் யார்? முதல் உடையவர் விற்றபோது கம்பெனி ஜாக்கியைத் தம் வீட்டில் நிறுத்திக்கொண்டார். இரண்டாம் உடையவர் வேறு வண்டிக்கு ஸ்பானரை இரவல் கொடுத்தார். மூன்றாமவரிடம் ஜாக்கியின் கைப்பிடி கம்பிவேலிக்கு முட்டுக் கொடுத்தது. யாரும் திருடவில்லை, ஆயினும் எல்லாம் போய்விட்டது. பொதுப் பொருள் அழியும் விதம் பெரும்பாலும் இதுவே அன்றோ?

இக்குறையை எடுத்துச் சொன்னால் இரண்டு மறுப்புகள் வருகின்றன. சாலை நெடுகப் பஞ்சர்க் கடை இருக்கிறது, கையில் செல்போன் இருக்கிறது, ஜாக்கியைச் சுமந்து திரிவானேன் என்பது ஒன்று. இப்போது வரும் கார்களில் ஸ்டெப்னிச் சக்கரமே வைப்பதில்லையே என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு விடை எளிது. 2020-ஆம் ஆண்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட மாற்றம், டியூப் இல்லாத டயரும், காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவியும், பஞ்சர் ஒட்டும் சாதனமும் கொண்ட சிறு பயணி வண்டிகளுக்குத் தரப்பட்ட சலுகை. டியூப் போட்ட டயரோடு சுமையேற்றி மலையேறும் நமது பழைய வண்டிக்கும் அச்சலுகைக்கும் சம்பந்தம் இல்லை.

முதல் மறுப்பைச் சற்று ஆராயவேண்டும். பகலில், ஊருக்குள், காலி வண்டிக்கு அது பொருந்தலாம். இரவு இரண்டு மணிக்கு மலைப்பாதையின் வளைவில், செல்போன் கோபுரத்தின் அலை எட்டாத இடத்தில், திராட்சைப் பெட்டிகளோடு நிற்கும் வண்டிக்குப் பஞ்சர்க் கடை எந்த மூலைக்கு? திராட்சை காத்திருக்கும் சரக்கன்று. காம்பு வாடினால் விலை வாடும். விடியற்காலைச் சந்தை தவறினால் அன்றைய ஏலத்தின் விலை போயிற்று. ஆள் அனுப்பி ஜாக்கி தருவித்தால், வருகிறவர் கேட்பதைக் கொடுக்கவேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இங்கே சொல்லுக்குச் சொல் உண்மை. டயர் ஒன்றின் விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கும் கருவி இல்லாமையால், ஒரு நடைக்குரிய வாடகை முழுவதும் கரைந்துபோகிறது.

பணம் போனால் சம்பாதிக்கலாம். நமக்கு உள்ள கவலை அதனினும் பெரிது. ஜாக்கி இல்லாதபோது ஓட்டுநர் கைகட்டி நிற்பதில்லை. மூங்கிலையோ கடப்பாரையையோ அச்சின் கீழ்க் கொடுத்து நான்கு பேர் நெம்ப, ஐந்தாமவர் கல்லை உள்ளே தள்ளுகிறார். கல்லின்மேல் கல், அதன்மேல் மரக்கட்டை, அதன்மேல் சுமையோடு கூடிய வண்டி. கல் நொறுங்கினாலும் கட்டை பிளந்தாலும் உள்ளே நீட்டிய கை வெளியே வரப் போதிய நேரம் இராது. இத்தொழிலுக்குத் துணை நிற்பவர் பெரும்பாலும் வண்டியில் வந்த கூலியாட்கள். பள்ளத்தாக்கிலிருந்து இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்கு அன்றாடம் வேலைக்குச் செல்லும் ஆணும் பெண்ணும் எத்தனை பேர் என்பதை அதிகாலையில் கம்பம்மெட்டுச் சாலையைப் பார்த்தவர் அறிவர். நமது கருவிப் பையின் குறை அவர்களுடைய விரல்களுக்கும் உயிருக்கும் கேடாக முடிவதை நியாயம் என்று எந்தச் சங்கமும் சொல்ல முடியாது.

இனி, என்ன வாங்குவது என்ற கேள்வி. கம்பெனி கொடுத்த அதே ஜாக்கிதான் வேண்டும் என்று பழைய சாமான் கடைகளில் மாதக்கணக்கில் தேடுவோர் உண்டு. அசல் கருவிக்கு ஒரு மதிப்பு உண்டென்பதை மறுக்கவில்லை. வண்டியின் அளவுக்கென்றே செய்யப்பட்டது அது. ஆனால் நமது வண்டி இப்போது அந்த வண்டிதானா? பின்பக்கத்தில் கூடுதலாக இரண்டு ஸ்பிரிங் பட்டைகள் ஏறியிருக்கின்றன. டயரின் அளவு மாறியிருக்கிறது. மேல்கூடு புதிதாகக் கட்டப்பட்டிருக்கிறது. வண்டி மாறியபின் பழைய ஜாக்கி எட்டாமலோ நுழையாமலோ போகலாம். அன்றியும், பழைய இரும்புக் கடையில் வாங்கும் எண்ணெய் ஜாக்கியின் உள்ளே இருக்கும் வாஷர் எத்தனை வருஷம் காய்ந்து கிடந்தது என்பதை வெளிப்பூச்சு சொல்லாது. காலியாக ஏறும், பாரத்தில் மெள்ள இறங்கும். ஆகையால் பெயரைத் தேடாமல் அளவைத் தேடவேண்டும் என்பது நமது துணிபு.

நமது மண்ணுக்கு இது புதிய கொள்கையும் அன்று. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, மதுரையின் டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயுக் கலன் செய்து பெட்ரோலுக்குப் பதிலாக அதனைக் கொண்டு வண்டிகளை ஓடச் செய்தது. ‘ஸ்டெப்னி’ என்று நாம் நாள்தோறும் வழங்கும் சொல்லே இத்தகைய முயற்சியின் நினைவுச் சின்னம். ஆதியில் மோட்டார் வண்டிகளோடு மாற்றுச் சக்கரம் வரவில்லை. 1904-இல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி என்னும் ஊரில், ஸ்டெப்னி வீதியில், டேவிஸ் சகோதரர்கள் மாற்றுச் சக்கரம் ஒன்றைச் செய்து விற்றனர்; வீதியின் பெயர் சக்கரத்துக்கு ஆயிற்று. அதே 1904-இல்தான் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டமும் பிறந்தது. தொழிற்சாலை கொடுக்காததைத் தேவையறிந்து தாமே செய்துகொள்வதும், தனியாள் வாங்க முடியாததைச் சேர்ந்து வாங்குவதும் ஒரே காலத்துப் பிள்ளைகள் என்று கொள்வதில் தவறில்லை.

அளவு பார்க்கும் முறையைச் சொல்வோம். பின்சக்கரத்தின் காற்றை முழுவதும் இறக்கிவிட்டு, ஸ்பிரிங் பட்டை அமர்ந்திருக்கும் இடத்தை ஒட்டி அச்சின் அடியிலிருந்து தரை வரை அளக்கவேண்டும். தாழ்த்திய நிலையில் ஜாக்கியின் உயரம் இதற்குள் அடங்கவேண்டும். பலர் காற்றுள்ள சக்கரத்தோடு அளந்து வாங்கி, டயர் தட்டையான அன்று ஜாக்கியை உள்ளே நுழைக்க முடியாமல் தவிக்கின்றனர். அடுத்து, நல்ல காற்றடித்த சக்கரம் தரையைவிட்டு இரண்டு விரற்கடை எழும்பி நிற்க அச்சு எவ்வளவு உயரவேண்டும் என்று பார்க்கவேண்டும். ஜாக்கி முழுவதும் ஏறிய உயரம் அதற்குக் குறையலாகாது. ஜாக்கியின் அடியில் வைக்கும் பலகையின் கனத்தையும் இரு கணக்கிலும் சேர்த்துக்கொள்ளவேண்டும். சட்டத்துக்கு அடியில் ஜாக்கி வைத்தால், ஸ்பிரிங் தொங்கி முடிந்த பிறகே சக்கரம் எழும்பும். அச்சின் அடியில் வைத்தால் உடனே எழும்பும். பின்பக்கத்துக்கு அச்சே தக்க இடம். ஆனால் நடுவிலுள்ள பல்சக்கரக் கூட்டின் அடியில் வைக்கலாகாது. முன்பக்கம் வண்டிக்கு வண்டி வேறுபடும். ஓட்டுநர் கையேட்டில் குறித்த இடத்தையே கொள்ளவேண்டும்.

தாங்கும் பாரத்தைப் பற்றிச் சிறிது. சுமையோடு மூன்று டன்னை ஒட்டி நிற்கும் பிக்கப் வண்டியில் பெரும்பங்கு பாரம் பின்னச்சின்மேல் விழுகிறது. ஒரு சக்கரத்தைத் தூக்க அதில் ஏறக்குறையப் பாதியே வேண்டும் என்று கணக்கிட்டு இரண்டு டன் ஜாக்கி போதும் என்பார் உண்டு. கணக்கு சரி; வாழ்க்கை சரியன்று. சுமை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், சாலை சரிந்திருக்கும், ஏற்றியது எவ்வளவு என்பது ஏற்றியவருக்கே தெரியும். மூன்று டன்னுக்குக் குறைந்ததை வாங்கவேண்டா. ஐந்து டன் உகந்ததே; ஆனால் உயரம் நுழையுமா என்று பார்த்துக்கொள்க. கைப்பிடி ஜாக்கியின் உயிர். பல எண்ணெய் ஜாக்கிகளில் பாரத்தை இறக்கும் திருகை அக்கைப்பிடியின் நுனியிலுள்ள வெட்டைக் கொண்டே திருப்பவேண்டும். கைப்பிடி தொலைந்தால் ஜாக்கி வெறும் இரும்பு.

ஸ்பானரிலும் கவனம் வேண்டும். எல்லாச் சக்கர நட்டும் ஒரே அளவன்று. நட்டின் முகத்தை அளந்து, இறுகப் பொருந்தும் ஸ்பானரையே வாங்குக. தளர்ந்த ஸ்பானர் நட்டின் மூலைகளை மழுக்கிவிடும். பிறகு உளியும் சுத்தியலுமே கதி. மெக்கானிக் கடையில் காற்று யந்திரத்தால் முறுக்கிய நட்டை ஒற்றை ஆள் கழற்ற நீண்ட கைப்பிடி வேண்டும்; பொருத்தமான குழாய்த் துண்டு ஒன்றை உடன் வைத்திருப்பது நன்று. பழைய வில்லிஸ் ஜீப் வகை வண்டி வைத்திருப்போர்க்கு ஓர் எச்சரிக்கை: இடப்பக்கச் சக்கரங்களில் இடமறை நட்டு இருக்கலாம். அதனை வழக்கமான திசையில் கழற்ற முயல்வது இறுக்குவதே ஆகும். இவையன்றி, ஸ்டெப்னிச் சக்கரம் சட்டத்தின் அடியில் சங்கிலியிலோ கம்பியிலோ தொங்கும் வண்டிகளில், அதனை இறக்கும் நீண்ட கம்பியும் கருவிப் பையில் சேர்ந்தது. அக்கம்பி இல்லையேல் ஸ்டெப்னி கண்ணுக்குத் தெரியும், கைக்குக் கிடைக்காது. ஆண்டுக்கணக்கில் இறக்காத யந்திரம் மழையிலும் சேற்றிலும் துருப்பிடித்து உறைந்திருக்கும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

ஓரடி சதுரத்தில், இரண்டு அங்குலக் கனத்தில், வைரம் பாய்ந்த மரப்பலகை ஒன்றும், ஆப்பு வடிவில் செதுக்கிய இரண்டு அணைகட்டைகளும் சேர்ந்தால் பை நிறைவு பெறும். மழைக்காலத்து மலைப்பாதை ஓரத்தில் பலகையின்றி வைத்த ஜாக்கி மண்ணில் புதையும். அணைகட்டையைப் பற்றி அழுத்திச் சொல்லவேண்டியுள்ளது. வண்டியைக் கியரில் போட்டுவிட்டோம், நகராது என்று நம்புவது பிழை. பின்சக்கரம் ஒன்று தரையைவிட்டு எழும்பினால், அது சுழல மற்றொன்று உருளலாம். பல்சக்கரக் கூட்டின் இயல்பு அது. ஆகவே தரையில் நிற்கும் சக்கரங்களுக்குச் சரிவின் கீழ்ப்பக்கம் கட்டை கொடுத்தபின்பே ஜாக்கியைத் தொடவேண்டும். கட்டைக்குப் பதில் சாலையோரக் கல்லை வைத்து, வேலை முடிந்ததும் கல்லை அங்கேயே விட்டுப்போகும் வழக்கம் நம்மிடையே மிகுந்திருக்கிறது. இருளில் பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரர்க்கு அக்கல் யமன். கயிறு கட்டிய மரக்கட்டை கையோடு திரும்பி வரும்.

வேலையின் வரிசையும் இதுவே: ஆட்களை இறக்கி, சாலையை விட்டு ஒதுங்கி நிற்கச் சொல்க, எச்சரிக்கை முக்கோணத்தைத் தூரத்தில் வைக்க, கட்டை கொடுக்க, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்துக, பின்னரே தூக்குக. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் புகலாகாது. மாட்டும்போது நட்டுகளை எதிர் எதிராக முறுக்கி, சக்கரம் தரையில் அமர்ந்தபின் இறுதியாக இறுக்கி, சுமார் ஐம்பது கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி சோதிக்கவேண்டும்.

இப்போது எல்லாவற்றினும் முக்கியமான பேச்சுக்கு வருகிறோம். கருவி காணாமற்போனால் ஓட்டுநர் சம்பளத்தில் பிடிக்கும் பழக்கம் சில இடங்களில் இருந்துவருகிறது. இது நியாயமா? வண்டியை அவரிடம் ஒப்படைத்த அன்று கருவிகள் எண்ணித் தரப்பட்டனவா? எழுத்து உண்டா? பூட்டும் பெட்டி உண்டா? இவை எதுவும் இல்லாமல், காணாததற்குக் கூலிக்காரர் பொறுப்பு என்பது கூட்டுறவுத் தருமத்துக்கு ஒவ்வாது. நெசவாளிக்கு நூல் கொடுக்கும்போது எடை போட்டுப் பதிகிறோம்; சேலை வரும்போது எடை பார்க்கிறோம். இருபக்கமும் பதிவு இருப்பதால்தான் இருவருக்கும் மானம் நிற்கிறது. அந்த நியாயம் ஜாக்கிக்கும் வேண்டும்.

ஆகவே நிர்வாகக் கமிட்டிகளுக்கு நாம் முன்வைப்பது இது. பழைய வண்டி வாங்குமுன், விற்பவர் முன்னிலையில் அவர் தரும் கருவிகளைக் கொண்டே ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பார்த்தபின் விலை பேசுக. குறையும் கருவிக்கு விலையில் கழித்துக்கொள்க. ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியே அளவெடுத்து, சங்கச் செலவில் கருவிப் பை சேர்த்து, பூட்டும் பெட்டியில் வைத்து, வண்டி எண்ணைப் பொருளின்மேல் பொறிக்கவேண்டும். ஓட்டுநர் மாறும்போதெல்லாம் பட்டியலில் இரு கையெழுத்து வாங்கவேண்டும். வருஷம் ஒருமுறை, மழைக்கு முன், ஸ்டெப்னியை இறக்கிக் காற்றுப் பார்த்து, சுமையேற்றிய வண்டியில் ஜாக்கியைச் சோதித்து, அங்கத்தினரும் ஓட்டுநரும் கூடிப் பழகவேண்டும். ஒரு சங்கத்துக்கு இரண்டு ஜாக்கியே வேண்டியிருக்கலாம். பத்துச் சங்கங்கள் சேர்ந்தால் இருபது. இருபது வாங்குவோர் கடைக்காரரிடம் ஒன்றைச் சுமையில் ஏற்றிக் காட்டு என்று கேட்கலாம். ஒன்று வாங்குவோர் கேட்க முடியாது.

இது பெரிய இயக்கத்துக்குச் சிறிய வேலை என்று யாரேனும் எண்ணினால், 1844-ஐ நினைவூட்டுகிறோம். அவ்வாண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் நெசவாளரும் பிற தொழிலாளருமாக இருபத்தெட்டுப் பேர் திறந்த கடையில் இருந்தவை மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ், மெழுகுவத்தி ஆகியவையே. கலப்படமற்ற பொருளும் சரியான எடையும் அவர்களுடைய மூலதனம். அந்தக் கடையின் வழிவந்தவர்களே நாம் அனைவரும். ஊராரின் விளைவும் நெசவும் ஏறிச்செல்லும் வண்டிக்குச் சரியான அளவில், சோதித்த பலத்தில், கணக்கில் பதிந்த கருவி ஒன்றை வைப்பது அந்த மரபுக்கு உரிய செயலே ஆகும். அடுத்த கமிட்டிக் கூட்டத்தின் பொருள் பட்டியலில் இதனைச் சேர்க்குமாறு ஒவ்வொரு சங்கத்தையும் வேண்டுகிறோம். அதற்கு முன்பே, இன்று மாலை வண்டி திரும்பியதும், இருக்கையை மடக்கிப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்குமாறு வண்டி வைத்திருக்கும் அங்கத்தினர் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறோம்.